43 வரிகளில் ஒரு துப்பாக்கி

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நண்பன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். "மச்சான், கொஞ்சம் ரிவ்யூ பண்ணு. உனக்குத்தான் இதெல்லாம் பொறுமையா பாக்கத் தெரியும்." கோவையில் நான்கு வருடம் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவன். இப்போது டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில், என் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார் தூரத்தில் இருக்கிறான். இதற்கு முன் அவன் அனுப்பிய ஷீட்டுகள் எல்லாம் வீட்டுக் கடன் வட்டி, மின்சாரக் கார், எந்தப் பள்ளி வட்டாரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்கிற வகை. இந்தமுறை 43 வரிகள். முதல் செல்லில் தலைப்பு: ஏ.ஆர்-15, முதல் பில்ட்.

அந்த மாதம்தான் அவனுக்கு கிரீன் கார்டு வந்திருந்தது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்காவின் மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஒரு முயலைக்கூடத் துரத்தாமல் வேட்டை உரிமம் எடுத்த நம் ஆட்களை எனக்குத் தெரியும். இவன் அப்படிச் செய்யவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்தான். அட்டை கைக்கு வந்ததும் ஷீட்டைத் திறந்துவிட்டான்.

இந்தக் கட்டுரை அவனுக்கு எதிரானது. எனக்கும் எதிரானதுதான், ஏனென்றால் அன்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து அந்த ஷீட்டைச் சரிபார்த்தேன். கடமைக்காக இல்லை, ரசித்துச் சரிபார்த்தேன்.

*

அந்த ருசியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை மறைத்துவிட்டுத் திட்டுவது பொய்.

ஏ.ஆர்-15 ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. வெடிமருந்து எரிந்த வாயுவில் ஒரு பங்கு குழலிலிருந்து பிரிந்து பின்னால் வந்து வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும். பிறகு சுருள்வில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். 1950களின் பிற்பகுதியில் யூஜீன் ஸ்டோனரும் அவருடைய சகாக்களும் ஆர்மலைட் நிறுவனத்தில் இதை வடிவமைத்தார்கள். ஏ.ஆர் என்பது அந்த நிறுவனப் பெயரின் சுருக்கம். 'அசால்ட் ரைபிள்' என்று விரிப்பவர்களைத் துப்பாக்கிக்காரர்கள் கேலி செய்வது இதனால்தான். ஆர்மலைட் ஒரு விமானக் கம்பெனியின் கிளை என்பதால், எஃகும் மரமும் இருந்த இடத்தில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தன. 1959இல் கோல்ட் நிறுவனம் வடிவமைப்பை வாங்கியது. ராணுவத்துக்குப் போனதன் பெயர் எம்-16. தானியங்கி வசதியை எடுத்துவிட்டு 1964இல் பொதுமக்களுக்கு விற்றதன் பெயர் 'ஸ்போர்ட்டர்'. காப்புரிமைக் காலம் 1970களில் முடிந்தபின் பல நிறுவனங்கள் செய்ய ஆரம்பித்தன.

மென்பொருள்காரனுக்கு இது அல்வா மாதிரி. மேல்பாதி, கீழ்ப்பாதி, இரண்டையும் சேர்க்க இரண்டு பின்கள். ஒரு கம்பெனியின் குழல் இன்னொரு கம்பெனியின் உடலில் பெரும்பாலும் உட்காரும். தொலைநோக்கி மாட்டும் பிகாட்டினி தண்டவாளம் 1995இல் ராணுவத் தரமாக வந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் திறந்த ஏ.பி.ஐ. நீ யாருடைய உறுப்பை வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.

ஷீட்டில் கேள்விகள் வரிசையாக இருந்தன. தோட்டா அறை 5.56 நேட்டோவா, .223 ரெமிங்டனா? 5.56 அறையில் .223 தோட்டாவைச் சுடலாம், மாற்றிச் சுட்டால் அழுத்தம் எகிறும், ஆகவே 5.56. குழல் 16 அங்குலமா, 18ஆ? 16க்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு, ஆகவே 16. குழலுக்குள் இருக்கும் முறுக்கு 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று போட்டிருந்தான். 'கனமான குண்டையும் சுடணும்னா 8 போடு' என்று கமெண்ட் எழுதினேன். வாயுக் குழாய் நடுத்தர நீளம் இருந்தால் உதை மென்மையாக இருக்கும். குறிபார்க்க சிவப்புப் புள்ளியா, ஆறு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியா? இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நல்ல விடை கிடைத்தது. என் புகாரே அதுதான். 43 நல்ல விடைகள் சேர்ந்தால் ஒரு நல்ல முடிவு எடுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் முடிவு முதல் வரிக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, அதை யாரும் ரிவ்யூ பண்ணவில்லை. வேலையிலும் இப்படித்தான். இந்த மென்பொருள் எதற்கு என்று கேட்பவனை மீட்டிங்கில் யாருக்கும் பிடிக்காது. எந்த டேட்டாபேஸ் என்று கேட்பவன்தான் கெட்டிக்காரன்.

அரசாங்கமும் கேட்பதில்லை. இந்தத் துப்பாக்கியில் சட்டப்படி 'துப்பாக்கி' என்பது வரிசை எண் பொறித்த கீழ்ப்பாதி மட்டும்தான், வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. டெக்சாஸில் குழலும் விசையும் மற்றதும் தபாலில் வீட்டுக்கே வரும். அந்த அலுமினியத் துண்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற கடைக்குப் போய்ப் படிவம் 4473 நிரப்ப வேண்டும். நீ தேடப்படும் குற்றவாளியா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, உனக்காகத்தான் வாங்குகிறாயா என்றெல்லாம் அது கேட்கும். எதற்காக என்று கேட்காது. இந்தியாவில் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் நகர முடியாது.

*

எதற்காக என்பது எனக்குத் தெரியும். 2023 மே 6, சனிக்கிழமை. எங்களுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் இருக்கும் அவுட்லெட் மாலில் ஒருவன் ஏ.ஆர் வகைத் துப்பாக்கியோடு இறங்கி எட்டுப் பேரைக் கொன்றான். குழந்தைகளும் செத்தார்கள். இந்தியாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவரும் செத்தார். நண்பனின் மனைவி அன்று காலை அதே மாலுக்குத்தான் போயிருந்தாள், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டாள். துப்பாக்கிச் சூடு நடந்தது பிற்பகலில். அவள் வாங்கி வந்த செருப்புப் பெட்டி ஒரு மாதம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

இது 43 வரிகளில் எங்கேயும் இல்லை. 'நோக்கம்' என்ற பத்திக்குக் கீழே "ஸ்போர்ட்" என்று எழுதியிருந்தான்.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964இல் கோல்ட் அதை விளம்பரப் பெயராக வைத்தது. 1968இன் துப்பாக்கிச் சட்டம், இறக்குமதியாகும் ஆயுதம் 'விளையாட்டு நோக்கத்துக்கு' ஏற்றதா என்று பார்க்கச் சொன்னது. 2009இல் துப்பாக்கித் தொழிலின் வர்த்தகச் சங்கமான நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் 'மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைபிள்' என்ற பெயரைப் பரப்பத் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் தலைமையகம் அப்போது இருந்த ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன். 2012 டிசம்பர் 14 அன்று அதே ஊரின் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் அந்த வகைத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள்.

விளையாட்டு என்பது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் 1907இலிருந்து தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே 600 கஜ தூரத்தில் இருக்கும் இலக்கை ஏ.ஆர் வைத்து அடிப்பவர்கள் உண்மையான விளையாட்டு வீரர்கள். டெக்சாஸில் வயலை உழுது நாசம் பண்ணும் காட்டுப்பன்றிகளை இதை வைத்துச் சுடும் பண்ணைக்காரர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் மச்சான், உனக்கு வயலும் இல்லை, பன்றியும் இல்லை. நிஜமாகவே சுடக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் எந்தப் பயிற்சியாளரும் சொல்வது ஒன்றுதான்: .22இல் ஆரம்பி. அரைத் தானியங்கிதான் வேண்டும் என்றாலும் இருக்கிறது. கோல்ட் 'ஸ்போர்ட்டர்' விற்க ஆரம்பித்த அதே 1964இல் ருகர் நிறுவனம் 10/22 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. சின்னத் தோட்டா, உதையே தெரியாது, சத்தம் குறைவு, பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின். தோட்டா விலையும் குறைவு என்பதால் ஒரு மதியம் முழுக்கச் சுடலாம். மூச்சை அடக்குவது, விசையைப் பதறாமல் இழுப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். இன்றும் அமெரிக்காவில் எத்தனையோ பேருக்கு முதல் துப்பாக்கி அதுதான். உன் ஷீட்டில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. ஏன் இல்லை என்று உனக்கே தெரியும். உன் கனவில் வருகிறவனை .22 நிறுத்தாது என்று நினைக்கிறாய்.

*

சரி, பயத்தையே பேசுவோம். பயப்படுவதில் வெட்கம் இல்லை, எனக்கும் பயம்தான். நான் கேட்பது, இந்தப் பொருள் அந்தப் பயத்துக்கு மருந்தா என்று.

அன்று உன் மனைவி பிற்பகலில் போயிருந்தாலும் உன் ஏ.ஆர் வீட்டு அலமாரியில்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை செருப்பு வாங்கப் போகும்போது யாரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதில்லை. ஆலனில் அவனைச் சில நிமிடங்களுக்குள் சுட்டு நிறுத்தியது, வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர். அதற்கு முந்தைய வருடம், 2022 மே 24 அன்று, இதே மாநிலத்தின் உவால்டியில் 18 வயது முடிந்த கையோடு சட்டப்படி வாங்கிய ஏ.ஆரோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்து 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றான். பயிற்சியும் ஆயுதமும் உள்ள 376 பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக் கதவைத் தாண்ட 77 நிமிடம் ஆனது. அந்த 376 பேரால் முடியாதது, வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போகும் உன்னாலும் என்னாலும் முடியும் என்று எந்தப் பத்தியில் எழுதுவாய்?

அவனுடைய பதிலும் எனக்குத் தெரியும், ஏற்கெனவே சொல்லியிருக்கிறான்: "டேய், டேட்டா பாரு. ரைபிளால சாகுறது ரொம்பக் கம்மி." உண்மைதான். எஃப்.பி.ஐ. கணக்கில் 2020இன் துப்பாக்கிக் கொலைகளில் ரைபிள் சம்பந்தப்பட்டவை 3 சதவீதம். பெரும்பகுதி கைத்துப்பாக்கி. இந்த எண்ணை மறைத்துவிட்டு வாதாடுபவர்களை எனக்கும் பிடிக்காது.

ஆனால் டேட்டா என்று ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல். வீட்டுக்குள் வருகிற துப்பாக்கியைப் பற்றி யோசிக்கும்போது வாசலில் நிற்கும் திருடனை நினைக்கிறோம். இந்த எண் வீட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றியது. வேலை போனால் 60 நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற கெடுவோடு பத்து வருடம் வாழ்ந்த கூட்டம் நாம். நம் வீடுகளில் யார் எந்த இரவில் எப்படி இருப்பார்கள் என்று எந்த ஷீட் சொல்லும்?

மறுபக்கத்தையும் விட மாட்டேன். துப்பாக்கியை எதிர்ப்பவர்களும் இதே உறுப்புப் பட்டியலில்தான் விழுந்தார்கள். 1994இல் வந்த தடைச் சட்டம், கழற்றி மாட்டும் மேகசினோடு மடியும் கட்டை, கைப்பிடி, பயோனெட் மாட்டும் கொக்கி, தீப்பிழம்பை மறைக்கும் மூக்கு போன்ற அம்சங்களில் இரண்டு இருந்தால் தடை என்றது. கம்பெனிகள் கொக்கியையும் மூக்கையும் அறுத்துவிட்டு அதே துப்பாக்கியை விற்றன. குண்டு அதே வேகத்தில் போனது. 2004இல் சட்டம் காலாவதியானதும் கொக்கி திரும்பி வந்தது. டெஸ்ட் கேஸைப் பாஸ் பண்ண மட்டும் எழுதிய கோட் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

*

சனிக்கிழமை காலை தூக்கக் கலக்கத்தோடு காபி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பு படிக்கும் மகள், பள்ளியில் நடந்த லாக்டவுன் பயிற்சியை பொம்மைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தாள். கதவைப் பூட்டணும், லைட்டை அணைக்கணும், கண்ணில் படாத இடத்தில் உட்காரணும். கரடிக்கு வாய் ஓயவில்லையாம், மிரட்டினாள். "நீ பேசுனா எல்லாருக்கும் கேக்கும்." நாங்கள் ஒன்பது மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுத்த பள்ளி அது.

லேப்டாப்பில் ஷீட் திறந்தபடியே இருந்தது. என் கடைசி கமெண்ட், குழலின் முறுக்கைப் பற்றியது.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். டார்ச் லைட் இருந்தது, தோள்பட்டை வார் இருந்தது, உபரி மேகசின்கள் ஆறு இருந்தன. பூட்டுகிற பெட்டகம் இல்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாகக் குண்டு நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். அவனைப் போலக் கவனமான ஆள் அதை விட்டுவிட்டான். ராத்திரி இரண்டு மணி வரை பார்த்த நானும் விட்டுவிட்டேன். பெட்டகத்தில் ரசிக்க என்ன இருக்கிறது? அதைத் துப்பாக்கியில் மாட்ட முடியாது.

இரண்டு கமெண்ட் போட்டேன். கீழே: 'பெட்டகம் எங்கே?' மேலே, தலைப்பு செல்லில்: 'எதற்காக?'

அரைமணியில் ஃபோன் வந்தது. "மாரல் சயின்ஸ் கிளாஸ் எடுக்காத. டெக்னிக்கலா ஏதாவது இருந்தா சொல்லு." கத்தினோம். ஹாஸ்டல் காலத்துக்குப் பிறகு நாங்கள் அப்படிக் கத்திக்கொண்டதில்லை. மூன்று வாரம் பேசவில்லை.

துப்பாக்கியை வாங்கிவிட்டான். முறுக்கு நான் சொன்ன 8. பெட்டகத்தையும் வாங்கினான், படுக்கையறைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறான். என் மகள் அங்கே விளையாடப் போகும்போதெல்லாம் என் மனைவி அவன் மனைவியிடம் "பூட்டியிருக்கா?" என்று கேட்கிறாள். அவளும் கோபப்படாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். என்னை ரேஞ்சுக்கு இரண்டுமுறை கூப்பிட்டான், போகவில்லை.

ஷீட் இன்னும் என் டிரைவில் இருக்கிறது. இப்போது 44 வரிகள். தலைப்பு செல்லில் இருக்கும் கமெண்ட்டை அவன் ரிசால்வ் பண்ணவில்லை. டெலீட்டும் பண்ணவில்லை.