எதற்கும் இருக்கட்டும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் காலையில் வருகிறது. சாயங்காலத்துக்குள் குரூப் முடிவாகிவிடுகிறது. நடுவில் என்ன நடக்கிறது? மதுரைச் சித்தப்பா போன் பண்ணி "எவ்வளவு?" என்கிறார். 462 என்றதும் "அப்ப ஃபர்ஸ்ட் குரூப்தான், வேற பேச்சே இல்ல" என்கிறார். பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஸ்வீட் வாங்கி வர அனுப்பிவிடுகிறோம்.

மூன்று சென்ட் மனை வாங்க முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற ஆட்கள்தான் நாம். பட்டா யார் பேரில், தெரு எத்தனை அடி, மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா என்று டீக்கடை வரைக்கும் போய் விசாரிக்கிறோம். பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒரு போன் போதுமாக இருக்கிறது.

இப்படித் திட்டுவதற்கு உனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நானும் அதையே செய்தவள், அதுதான் யோக்கியதை. நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மகனுக்கு நானே பயோ-மேத்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குக் கணக்கு என்றால் உயிர். உயிரியல் என்றால் முகம் சுளிப்பான். "கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்துக்கறேன்மா" என்றான். "பயாலஜியும் இருக்கட்டும்டா, நாளைக்கு மனசு மாறினா டாக்டருக்கும் போகலாம். எதற்கும் இருக்கட்டும்" என்றேன். இந்த 'எதற்கும் இருக்கட்டும்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களிடம் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

முதல் குரூப் என்று நாம் கொண்டாடுவது கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்தது. நம் மாநில இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பாதிப்பாதியாக 50, 50. உயிரியலுக்கு அதில் இடமே இல்லை. நீட் தேர்வில் மொத்தம் 720. உயிரியலுக்கு 360, மற்ற இரண்டுக்கும் 180, 180. கணிதம் அங்கே கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் நாலு பாடத்தில் ஒன்று டிக்கெட் இல்லாமல் தோளில் ஏறிக்கொண்டு வருகிறது. அந்தத் தோள் பதினாறு வயசுத் தோள்.

என் வீட்டில் அது எப்படி முடிந்தது தெரியுமா? மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை என்று விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைய அவனுக்கு நேரமில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்தை நான் வரைந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் பாகங்களைக் குறித்துக் காட்டுவேன். பிளஸ் டூவில் அவன் உயிரியலில் 96 வாங்கினான். பயந்து பயந்து மனப்பாடம் செய்ததற்குக் கிடைத்த கூலி அது. கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 92. கட்-ஆஃப் 176. அந்த 96 அதில் ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை. அவனுக்குப் பிடித்த கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய ராத்திரிகளை அதுதான் தின்றது. நீட் எழுதினானா என்று கேட்காதீர்கள். எழுதினான். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போனான்.

இரண்டையும் ஆசையாகப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. நான் அறிந்து இரண்டு பேர். அவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். நான் சொல்வது மற்றவர்களை.

இங்கே நீங்கள் ஒரு வாதம் வைப்பீர்கள், எனக்குத் தெரியும். சயன்ஸ் படித்தவன் பின்னால் பி.காம். சேரலாம், வக்கீலாகலாம். காமர்ஸ் படித்தவன் பி.இ. சேர முடியாது. ஆகவே சயன்ஸே பத்திரம். இதில் பொய்யில்லை. நானும் இதைச் சொல்லித்தான் வீட்டுக்காரரின் வாயை அடைத்தேன். ஆனால் இயற்பியலில் 40 தாண்டாத பிள்ளையை இரண்டு வருஷம் அங்கே உட்கார வைத்தால், அது பி.காம். வகுப்புக்கு வருவதற்குள் 'நான் மக்கு' என்று தனக்குத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் நீங்கள் திறந்து வைத்த கதவு எதற்கு?

சரி, காமர்ஸ் போடுகிறவர்களாவது யோசித்துப் போடுகிறார்களா? "கணக்கு வரல, காமர்ஸ்ல போடு" என்கிறார்கள். அடுத்த மூச்சில் "சி.ஏ. பண்ணட்டும்" என்கிறார்கள். சி.ஏ. ஃபவுண்டேஷனில் நாலு தாள். மூன்றாவது தாளின் பாடத்திட்டத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வணிகக் கணிதம், புள்ளியியல், தர்க்கம். கணக்குக்குப் பயந்து ஓடின பிள்ளை நேராக அதன் மடியில் போய் விழும். காமர்ஸுக்குள்ளேயே பிசினஸ் மேத்ஸ் சேர்ந்த குரூப், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் சேர்ந்த குரூப் என்று வேறு வேறாக இருப்பது அட்மிஷன் கவுன்ட்டரில் நிற்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். ஆர்க்கிடெக்சருக்கும் கணிதம் கட்டாயம். "என் பொண்ணு பிரமாதமா வரைவா" என்று கணக்கில்லாத குரூப்பில் போட்டுவிட்டு, பிளஸ் டூ முடிந்தபிறகு இதைக் கண்டுபிடித்து அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். இதற்கு நேர்மாறாக, சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆக பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படி ஒரு விதி பி.இ. சேர்க்கையில் இல்லவே இல்லை.

வரலாற்றுக் குரூப்பின் கதை இன்னும் மோசம். மார்க் வராதவர்கள் ஒதுங்குகிற திண்ணை என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால்கூட "நாலு பேர்கிட்ட என்னன்னு சொல்றது" என்கிறோம். அப்புறம் அதே பிள்ளை ஏதோ ஒரு பி.இ. முடித்து, வேலை கிடைக்காமல், இருபத்தஞ்சு வயசில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் வரலாற்றுப் புத்தகங்களை அடிக்கோடு போட்டுப் படிக்கிறது. அதற்கு ஃபீஸும் நாம்தான் கட்டுகிறோம்.

நான் இருப்பது திருவெறும்பூரில். ஐ.டி.ஐ. படித்து பெல்லில் சேர்ந்து, சம்பளத்தில் வீடு கட்டி, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பையன் "பாலிடெக்னிக் போறேன்" என்றால் செருப்பைத் தேடுகிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருஷ டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம் என்பதை இந்தப் பெரியவர்களுக்கு யார் சொல்லவில்லை? எல்லாருக்கும் தெரியும். கௌரவம் விடவில்லை.

பள்ளிக்கூடங்களும் நம் புத்திக்கு ஏற்றபடிதான் நடக்கின்றன. நான் போன ஒரு பள்ளியில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்: 450க்கு மேல் இந்தக் குரூப், 400க்கு மேல் இந்தக் குரூப், மீதிப் பேர் கடைசிக் குரூப். பந்தியில் உட்கார வைப்பதுபோல. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, மறுபடி மாணவராகப் போய் உயிரியல் படித்தவர். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ வேதியியலுக்கு. அந்த நோட்டீஸ் போர்டின் முன்னால் அவரை எந்த வரிசையில் நிறுத்துவார்கள்?

விவரம் தெரியவில்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. 2022இலிருந்து அரசாங்கம் 'நான் முதல்வன்' என்று ஒன்று நடத்துகிறது. அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு என்னென்ன படிப்பு, எங்கே, எந்த நுழைவுத்தேர்வு என்று சொல்லித் தருகிறார்கள். கையேட்டைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வந்தால் அதன் மேல் டீ டம்ளரை வைக்கிறோம். எங்கள் திருச்சியிலேயே தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கான கிளாட் தேர்வை எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம். நிஃப்டின் டிசைன் படிப்புக்கும் குரூப் தடையில்லை. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் டேட்டா சயன்ஸ் பி.எஸ். படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, பிளஸ் டூ முடித்து, அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும், குரூப்பைக் கேட்பதில்லை. இதெல்லாம் ரகசியமில்லை. படிக்க அரை மணி நேரம் ஆகும். சீரியல் ஒரு எபிசோடு.

பிள்ளையிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "என்ன ஆகப் போறே?" என்று பதினைஞ்சு வயசிடம் கேட்டால் அது டி.வி.யில் பார்த்த எதையோ சொல்லும். யாரும் அதட்டாமல் எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கிறது, எந்தப் பரீட்சைக்கு முந்தின நாள் நிம்மதியாகச் சாப்பிடுகிறது என்று பத்து மாசம் கவனித்திருந்தால் அந்தக் கேள்வியே தேவைப்படாது. நான் கவனிக்கவில்லை. மார்க் ஷீட்டைக் கவனித்தேன்.

இந்த வருஷம் என் மகள் பத்தாம் வகுப்பு முடித்தாள். 471. மதுரைச் சித்தப்பா வழக்கம்போல போன் பண்ணினார். அவள் என்னிடமிருந்து போனை வாங்கி, "காமர்ஸ், பிசினஸ் மேத்ஸ் தாத்தா" என்றாள். "471 எடுத்துட்டு காமர்ஸா?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. என் வாயிலும் அந்த இரண்டு வார்த்தை வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். முழுங்கினேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பக்கத்துப் பள்ளியில் காமர்ஸ் உண்டு, பிசினஸ் மேத்ஸ் கிடையாது. அவள் கேட்கும் குரூப் தில்லைநகர்ப் பக்கம் இருக்கிறது. இரண்டு பஸ். "பொம்பளப் பிள்ளை, இருக்கிற பள்ளிக்கூடத்துல இருக்கிறதைப் படிக்கட்டுமே" என்கிறார் அவள் அப்பா. பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் விடலாமா என்று நாலு வருஷத்துக்கு முன்னால் விசாரித்துக்கொண்டிருந்தவர் இவரேதான். அதை ஞாபகப்படுத்தினேன். பேச்சு நின்றது, கோபம் நிற்கவில்லை.

நேற்று காலை நானும் அவளும் ஒத்திகை பார்த்தோம். 7:10க்கு வீட்டை விட்டுக் கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, பள்ளி வாசலில் நிற்கும்போது 8:25. முதல் மணி 8:40க்கு அடிப்பார்களாம், வாட்ச்மேன் சொன்னார்.