தலைவரைத் தெரிந்தவர் யார்?

பாட்டாளிகளின் ஆட்சியென்று பறைசாற்றும் நாடுகளிலே தலைவரைத் தெரிவு செய்பவர் யாவர்? 1964 ஒக்டோபரில் குருஷேவ் வீழ்ந்தார், பிரெஷ்னெவ் எழுந்தார். கட்சியின் மத்திய குழு கதவடைத்து முடித்த காரியம் அது. ஆலைத் தொழிலாளியைக் கேட்டார் எவருமிலர். 2023இல் சீனத்தின் ஷி ஜின்பிங்குக்கு 2,952 வாக்குகள். எதிர்த்தோர் இலர், போட்டியிட்டோரும் இலர்!

'சோவியத்' என்றால் மன்றம் என்பதன்றோ பொருள்? அப்பொருளுக்கு உயிரூட்டியவர்கள் நம் ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர். 1940 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் மன்றமொன்றைத் தாமே தெரிந்தெடுத்தனர். அதனைக் கலந்தே நடப்பதாகத் துரையும் இணங்கினார். அடக்குமுறை வந்தது; மன்றம் நிலைக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் வாக்கையே பறித்தன. அதனை மீளப்பெற அவர்கள் பல்லாண்டு காத்திருந்தனர். அவர்களிடம் சென்று, கதவடைத்த அறையிலே தெரிவான தலைவரே தொழிலாளர் தலைவரென்று சொல்லிப் பார்க்கட்டும்!