திரையில் தெரியாத பாரசீகம்

தொலைக்காட்சியின் பயணத் தொடர்கள் பாரசீகத்தை, அதாவது இன்றைய ஈரானை, பெரும்பாலும் ஒரே தடத்தில் சுற்றிக் காட்டுகின்றன. இஸ்பஹான் நகரின் நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கமும், நீல ஓடு பதித்த பள்ளிவாசல் குவிமாடமும், பெர்செப்பொலிஸின் இடிந்த தூண்களும், ஷிராஸில் கவிஞர் ஹாபிஸ் துயிலும் தோட்டமும் வந்துபோன பின் குங்குமப்பூச் சோற்றோடு நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. சமீரா அகமது வழங்கி 2020இல் பிபிசியில் வெளிவந்த மூன்று பகுதித் தொடர்போல, வரலாற்றையும் இலக்கியத்தையும் சேர்த்துப் பேச முயன்றவை சில உண்டு. இக்காட்சிகள் எழுப்பும் ஆர்வம் மதிப்புக்குரியது. ஆயினும் அவற்றை ராணிப்பேட்டையில் இருந்து பார்ப்பவர் பாரசீகத்தை முற்றிலும் அயலான, தொலைதூர அதிசயமாகவே எண்ணிக்கொள்ள நேர்வதுதான் வருத்தம் தருகிறது. இந்த ஊர் தோன்றிய கதையே பாரசீக மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலோடு பின்னிக் கிடக்கிறது.

செஞ்சிக் கோட்டையை ஆண்ட பந்தேலா ராஜபுத்திரக் குடும்பத்தின் இளைஞன் தேஜ் சிங், தமிழ் வழக்கில் தேசிங்குராஜன், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குத் திறை செலுத்த மறுத்து 1714இல் போரிட்டு மடிந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாக ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில், நவாப் எழுப்பிய ஊரே ராணிப்பேட்டை என்றும் மரபு கூறுகிறது. இந்தப் போரைத் தமிழ்க் கதைப்பாடல் நீலவேணி என்ற குதிரையையும் தோழன் மகபத்கானின் நட்பையும் முன்னிறுத்திப் பாடியது. ஜஸ்வந்த் ராய் என்ற முன்ஷியோ, அதாவது அரசவை எழுத்தரோ, ‘சயீத் நாமா’ என்ற பாரசீக நூலில் நவாபின் பக்கம் நின்று எழுதினார். இந்து எழுத்தர் ஒருவர் முஸ்லிம் ஆட்சியாளரின் வெற்றியைப் பாரசீகத்தில் பதிவுசெய்ய, தோற்ற இந்து மன்னனையும் அவனுக்காக உயிர்விட்ட முஸ்லிம் தோழனையும் தமிழ்ப் பாடகர்கள் ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். அன்றைய ஆற்காட்டுச் சமூகத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோர்க்கு இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

பாரசீகம் அன்று ஈரானியரின் மொழி மட்டுமன்று. முகலாயர் ஆட்சி பரவிய இடமெல்லாம் கணக்கும் கடிதமும் கவிதையும் எழுதப்பட்ட மொழி. ஆற்காடு நவாபுகளின் தலைநகரானபின் பாலாற்றங்கரையில் அது வேர்பிடித்தது. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்ததையும் அவர் மகன் முகமது அலி வாலாஜா எழுந்ததையும் புர்ஹான் கான் ஹாண்டி ‘துஸுக்-இ-வாலாஜாஹி’யில் விரிவாக எழுதினார். வேலூரில் 1745இல் பிறந்த பாக்கிர் ஆகா, அரபியிலும் பாரசீகத்திலும் தக்கணி உருதுவிலும் எழுதிப் புகழ்பெற்றார். கடைசி நவாப் குலாம் கவுஸ் கான், 1855இல் இறப்பதற்கு முன், கர்நாடகப் பகுதியின் பாரசீகக் கவிஞர்களைப் பற்றித் ‘தஸ்கிரா’ எனப்படும் கவிஞர் வரலாற்றுத் தொகுப்புகளைத் தாமே இயற்றினார்.

பயண ஆர்வம் கொண்டோர் இத்தகைய பாரசீக நூல்களுள் முதலில் தேட வேண்டியது ‘பஹார்-இ-ஆஸம் ஜாஹி’ என்ற நூல். நவாப் ஆஸம் ஜா 1823இல் சென்னையிலிருந்து நாகூருக்குச் சென்ற பயணத்தைக் குலாம் அப்துல் காதிர் நாசிர் அதில் பாரசீகத்தில் எழுதியுள்ளார். இன்று தொலைக்காட்சி தமிழரின் கண்ணை ஈரானுக்குக் கொண்டுபோகிறது என்றால், அன்று தமிழ்நாட்டின் சாலைகளும் தர்காக்களும் பாரசீக உரைநடைக்குள் புகுந்தன. இதையும் ‘துஸுக்’கையும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழி வெளிவரச் செய்த சே. முகமது உசைன் நயினார் தமிழகத்துக்குச் செய்த தொண்டு பெரிது. அது போதிய அளவு போற்றப்படவில்லை.

திரை காட்டத் தவறும் மற்றொன்று மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஈரானின் வறண்ட பீடபூமியில் யஸ்து போன்ற நகரங்கள் வாழ்ந்தது ‘கனாத்’ எனும் நிலத்தடிக் கால்வாய்களால். மலையடிவாரத்தில் நீர்மட்டத்தைத் தொடும் தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டி, காற்றுக்கும் மண் அள்ளுவதற்கும் இடையிடையே செங்குத்துக் குழிகள் இட்டு, எந்தப் பொறியும் இல்லாமல் நீரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இவற்றுள் பதினொன்றை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாலாற்றுப் படுகையின் உழவர்கள் இதைப் பார்த்தால் உடனே அடையாளம் காண்பார்கள். மேலே மணல் காய்ந்திருக்க, அடியில் ஓடும் நீரைச் சரிவு பார்த்து வெட்டிய திறந்த கால் வழியே வயலுக்கும் ஏரிக்கும் இட்டுச்செல்லும் ‘ஊற்றுக்கால்’ இங்கும் உண்டு. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று கொள்ளக் காரணமில்லை. வறண்ட ஆற்றோடு வாழக் கற்ற இரு மக்கள் தத்தம் வழியில் கண்ட அறிவு அது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது கனாத்தும் ஊற்றுக்காலும் ஒன்றுபோலவே நீர் இழந்தன. பாலாற்றுக்கு மணல் அள்ளுதலும், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் கூடுதல் கேடாக அமைந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததும் அக்கழிவைப் பற்றியே. இஸ்பஹானின் முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தின் கீழ் ஓட வேண்டிய சாயந்தே ரூத் ஆறும் அண்மைக் காலத்தில் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது. விளக்கொளியில் பாலத்தை மட்டும் காட்டும் படப்பிடிப்பாளர்கள் அந்த மணலையும் காட்ட வேண்டும்.

ஈரானிய வாழ்வை உண்மையாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் பயணத் தொடர்களைவிடக் கதைப்படங்களே முந்தியுள்ளன. மஜித் மஜிதி 1997இல் இயக்கிய ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட சிறுவன் தன் ஒற்றை ஜோடியை அவளோடு முறைவைத்து அணிந்து பள்ளி செல்லும் கதை. ஒரு சிறுமியின் ஷூவைத் தைக்கும் கைகளில்தான் அது தொடங்குகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் காலணியின் மேற்புறத் தோல்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்கள் இக்காட்சியில் காணும் நுட்பத்தை வேறு ஊரார் காண்பது அரிது. சாமி இயக்கி 2022இல் வெளிவந்த ‘அக்கா குருவி’ இப்படத்தின் தமிழ் வடிவம்.

எனவே தமிழ்த் தொலைக்காட்சி பாரசீகத்தைப் பற்றி ஒரு தொடர் எடுக்க முன்வந்தால், அதன் முதல் பகுதிக்கு விமானச் சீட்டு தேவைப்படாது. ஆற்காட்டின் டெல்லி வாசலில் தொடங்கி, பாலாற்றைக் கடந்து, ஒன்பது லட்சம் மரங்கள் கொண்ட நவாபின் தோட்டம் என்ற வழக்கால் பெயர்பெற்று இன்று அரசு தென்னைப் பண்ணை இருக்கும் நவ்லாக் வரை நடந்து, தேசிங்குராஜன் பாடலையும் சயீத் நாமாவையும் மாறி மாறி ஓதச் செய்து, தூர்ந்துபோன ஊற்றுக்கால் ஒன்றை முதிய உழவர் ஒருவரைக் கொண்டு விளக்கச் சொன்னால் அப்பகுதி நிறைவுறும். இஸ்பஹானும் யஸ்தும் இரண்டாம் பகுதியிலிருந்து வரட்டும்.