தண்ணிக்குள்ள இருக்கிற படிக்கு ஒரு கோடு. மலையில இருக்கிற படிக்கு?

நீச்சல் தடாகத்துப் படியில ஒட்டுற பூப்போட்ட டைல்ஸைப் பற்றி எழுத என்ன இருக்குன்னு கேப்பீங்க. நிறைய இருக்கு. அதை வெறும் அலங்காரம்னு சொல்றவங்க பாதி விசயத்தைத்தான் சொல்றாங்க.

முதலில் வேலையைப் பார்ப்போம். தண்ணீர் ஒளியை வளைக்கும். நாலடி ஆழம் மேலே நின்று பார்க்கிறவருக்கு மூன்றடி போலத் தெரியும். தடாகம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் ஒரு படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, கால் தப்பும். அதனால்தான் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கடும் நிறத்தில் ஒரு வரிசை டைல்ஸ் பதிக்கிறார்கள். அது நீரை உறிஞ்சாததாக, ஈரத்தில் வழுக்காததாக இருக்க வேண்டும். ஒட்டும்போது பின்பக்கம் பொள்ளல் விழக்கூடாது. பசை இறுகும்வரை தடாகத்தில் தண்ணீர் விடக்கூடாது. படி முழுக்கப் பூவும் கொடியுமாக நிரப்பினால் விளிம்பு திரும்பவும் மறைந்துவிடும் என்பது நல்ல டைல்ஸ் பாஸுக்குத் தெரியும்.

ஒரு விருந்தாளியின் கால் வழுக்கக்கூடாது என்பதற்காக இவ்வளவு யோசனை. சரியான யோசனைதான். ஆனால் அது ஏன் விருந்தாளியின் காலோடு நின்றுபோகிறது?

ஹற்றனிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போனால் காசல்ரீ நீர்த்தேக்கம் வரும். அந்தப் பக்கத்துப் பழைய துரை பங்களாக்கள் சில 2005 முதல் சொகுசு விடுதிகளாக நடக்கின்றன. தேயிலையைப் பார்த்துக்கொண்டே நீந்தலாம். அந்தத் தேயிலைக்குள் இருக்கிற படிகளை யார் பார்க்கிறார்கள்? மண்ணில் வெட்டி, கல்லைச் செருகி வைத்த படிகள். மழை பெய்தால் பாசி. தலையில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்தோடு அம்மாமார் இறங்குவது அதில்தான். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18, 20 கிலோ எடுக்கணும். தடாகத்தில் தண்ணீர் படியை மறைக்கிறது என்றால், இங்கே பனிமூட்டம் மறைக்கிறது. வேலை முடிந்து லயத்துக்கு வந்தாலும் பீலிக்கும் கக்கூசுக்கும் போகிற வழி அதே மாதிரிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கிற படிக்கட்டுக்குக் கைபிடி கேட்கிறது. அந்தத் தொழிற்சாலைக்குக் கொழுந்து வருகிற மலைப்படி அந்தச் சட்டத்துக்கு வெளியே. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. ஆனால் அது எலும்பு உடைந்த பிறகு பேசுகிற சட்டம். உடையாமல் பார்த்துக்கொள்ள ஒரு மூட்டை சிமெந்து போதுமான இடத்தில், உடைந்த பிறகு மனு எழுதச் சொல்கிறார்கள்.

"சம்பளம், காணி, வீடுன்னு பெரிய பிரச்சினை கிடக்கு, நீங்க படிக்கட்டைப் பேசுறீங்களே" என்று சிலர் சிரிப்பார்கள். பெரிய பிரச்சினைகளை நாங்களும்தான் பேசுகிறோம். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் நின்று இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்று கணக்கு வந்தது. அந்த வீட்டுக்கு ஏறிப்போகிற படி எந்த அடிக்கல் நாட்டு விழாவிலும் பேச்சில் வரவில்லை. வீட்டையும் காணியையும் மேடையில் அறிவிக்கலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். படிக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. அதனால்தான் அது "சின்ன" பிரச்சினை.

இன்னொரு பதில் வரும்: "சுற்றுலா வந்தால் உங்க பசங்களுக்குத்தானே வேலை?" உண்மை. கொழும்பில் டைல்ஸ் பதிக்கிறவர்களில் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். தடாகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விளிம்பைக் காட்டுவது எப்படி, வழுக்காமல் செய்வது எப்படி என்று எங்கள் பிள்ளைகளின் கைக்கே தெரியும். அந்த வேலையை அவர்களுடைய அம்மாவின் படிக்குச் செய்யச் சொல்லித்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

நாங்கள் கேட்பது மூன்றே விசயம். மலைக்கும் லயத்துக்கும் போகிற முக்கியமான படிகளைச் சிமெந்தில் சொரசொரப்பாகக் கட்டுங்கள். செங்குத்தான இடத்தில் கைபிடி போடுங்கள். ஒவ்வொரு விளிம்பிலும், பனியில் தெரிகிற மாதிரி, ஒரு வெள்ளைக் கோடு அடியுங்கள். பூ டைல்ஸ் வேண்டாம்.

இதைப் படிக்கிற தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிவிசனில் உடைந்த படிகளை எண்ணுங்கள். போட்டோ எடுங்கள், எண்ணிக்கையை எழுதுங்கள். தோட்டத் தலைவரிடமும் நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று மூன்று பேருமே சொல்ல முடியாமல் போகட்டும்.