கவுன்சிலருக்கு ஒரு கவுன்சிலர் வேண்டாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. ஸ்ரீரங்கத்தில் என் வைத்தியசாலைக்கு ஓர் இளம்பெண் வந்தார். ஒற்றைத் தலைவலி, ராத்திரி தூக்கமில்லை, சாப்பிட்டால் நெஞ்செரிச்சல். நாடியில் பித்தம் தூக்கலாக இருந்தது. "என்ன வேலைம்மா பார்க்கறே?" என்றேன். "காலேஜ்ல கவுன்சிலர் சார்."

(கவுன்சிலர் என்றதும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாம் மனு கொடுக்கிற வார்டு கவுன்சிலர் உங்கள் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை! நான் சொல்வது மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆற்றுப்படுத்துகிறவரை.)

சூரணம் மடிக்கப் போன என் கையை அவருடைய முகம் நிறுத்தியது. மெல்ல விசாரித்தேன். முதலாண்டு மாணவன் ஒருவன், "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று இவரிடம் அழுதிருக்கிறான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். இவரும் கொடுத்துவிட்டார். நான்கு நாட்களாக அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு தூங்காமல் இருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"உனக்கு மேலே யாரும்மா?" என்று கேட்டேன். "ஆபீஸ்ல ஒரு சார் இருக்கார். மாசக் கடைசியில எத்தனை பேரைப் பார்த்தேன்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுவார்."

இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதட்டத்தில் ஒரு சத்தியம் செய்துவிட்டது அந்தப் பெண்ணின் குற்றமில்லை, வயசு அப்படி. அன்று சாயங்காலமே ஓடிப்போய்க் கேட்க ஒரு மூத்தவர் இல்லாததுதான் குற்றம். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012-ம் வருடத்துப் போக்சோ சட்டம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஆனால் எதிரே ஒரு பிள்ளை அழும்போது புத்தகம் ஞாபகத்துக்கு வருமா?

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில், எங்கள் ஆசிரியர் முதலில் எங்களைத்தான் நாடி பிடிக்கச் சொல்வார். மூன்று விரலையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்போம். "என்ன தெரியுது? ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் தன் விரலை வைப்பார். தப்பாகச் சொன்னால் நோயாளி எதிரில் திட்டமாட்டார், தனியே அழைத்துத்தான் சொல்வார். மேற்பார்வை என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

மனோதத்துவ உலகத்தில் இது புதிதும் அல்ல. 1920-ல் பெர்லினில் ஆரம்பித்த மனப்பகுப்பாய்வு நிலையத்திலேயே, கற்றுக்கொள்பவர் தான் பார்க்கும் நோயாளியைப் பற்றி மூத்தவரிடம் பேசித்தான் ஆகவேண்டும் என்று வைத்திருந்தார்கள். பிரிட்டனில், தொழிற்சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கவுன்சிலர் எத்தனை வருட அனுபவசாலியானாலும் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வை பெறவேண்டும். நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் ஆலோசகர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சட்டம் வந்து உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூட அறையில் உட்காராது.

மேற்பார்வை செய்கிறவர்களும் லேசில் தப்பு செய்கிறார்கள். சம்பளம் போடும் அதிகாரியே மேற்பார்வையாளராகவும் இருந்தால், "நான் இங்கே தடுமாறிட்டேன் சார்" என்று எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? தடுமாறியதைச் சொல்லாத கவுன்சிலர்தான் ஆபத்து. இன்னும் சிலர், வந்த கவுன்சிலரின் சொந்த வாழ்க்கையைக் கிளறி அவருக்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வேறு சிலர் ஸ்டாஃப் ரூமில் மாணவன் பெயரைச் சொல்லி, காபியோடு கலந்தாலோசிப்பார்கள். இது எல்லாவற்றையும்விட மோசம்.

சரி, நான் என்ன செய்தேன்? அன்று அவசரம். "இப்பவே அந்தப் பையனைக் கூப்பிட்டு, இந்தச் சத்தியத்தை என்னால காப்பாத்த முடியாதுன்னு நேர்மையாச் சொல்லும்மா" என்றேன். சொன்னார். பையன் முதலில் கோபப்பட்டு, பிறகு தன் அக்காவுக்கு மட்டும் சொல்லச் சம்மதித்தான். மறுநாள் காலை அக்காவே புத்தூர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். இப்படிப்பட்ட எண்ணத்துக்கு அமுக்கரா சூரணம் கொடுத்து அனுப்புகிற வேலை கூடாது. சித்த வைத்தியனாக இருந்தே சொல்கிறேன். ராத்திரி நேரமானால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அடுத்த வாரமும் அந்தப் பெண் வேறொரு விஷயத்தோடு வந்தார். நான் பெரிய மனுஷன் தோரணையில் இரண்டு நிமிஷத்தில் யோசனை சொல்லிவிட்டேன். "சார், நான் இன்னும் முழுசாச் சொல்லவே இல்லியே" என்றார். சுருக்கென்றது. என் ஆசிரியர் மாதிரி நான் கேட்கவில்லையே! எனக்கு இதில் முறையான பயிற்சியும் இல்லை. ஆகவே மனநல சமூகப்பணி கற்பித்து ஓய்வு பெற்ற என் சிநேகிதி ஒருவரிடம் அனுப்பினேன். கல்லூரி நிர்வாகத்திடமும் பேசினோம். இரண்டு தடவை நடந்தபிறகு, வெளியாள் ஒருவர் சனிக்கிழமைதோறும் வருவதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

பெற்றோர்களே, பள்ளிக்கூடத்துக்குப் போனால் கவுன்சிலரிடம் "எம்பிள்ளை என்ன சொன்னான்?" என்று துருவாதீர்கள். "உங்களுக்கு ஒரு குழப்பம்னா நீங்க யாரைக் கேப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஃபீஸ் கட்டுகிறவர் கேட்டால் காது கேட்கும்.

அந்தப் பெண் போன வாரம் மறுபடி வந்திருந்தார். தலைவலிக்கு இல்லை. அவருடைய அம்மாவுக்கு மூட்டு வலியாம்.