இரண்டு உதவி ஆசிரியர்கள்

நமது நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றில் அவ்வப்போது ஒரு பிரியாவிடை விழா நடப்பதுண்டு. ஆங்கிலம் கற்பிப்பதில் துணைசெய்யவென்று மேல்நாட்டிலிருந்து வந்த இளம் பட்டதாரி ஒருவர் ஓராண்டுப் பணியை முடித்துக்கொண்டு தாயகம் திரும்புவார். மாலை சூட்டுவர், பொன்னாடை போர்த்துவர், அதிபர் புகழ்ந்துரைப்பார், மாணவிகள் கண்கலங்குவர். விருந்தினரும், தாம் கற்பித்ததிலும் பார்க்கக் கற்றுக்கொண்டதே அதிகம் என்று நெஞ்சுருகச் சொல்வார். அவர் சொல்வது வெறும் உபசாரமன்று, முற்றிலும் உண்மை. அந்த உண்மையைத்தான் நாம் ஆராய வேண்டியிருக்கின்றது. கற்க வந்த பிள்ளைகளிலும் பார்க்கக் கற்பிக்க வந்தவரே அதிகம் பெற்றார் என்றால், அத்திட்டம் யாருக்காக நடத்தப்பட்டது?

இளைஞரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. இருபத்திரண்டு வயதில் வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்து, காரமான கறியையும் நெரிசலான பஸ்ஸையும் சகித்து, பிறநாட்டுப் பிள்ளைகளோடு ஓராண்டு பழகுவது நல்ல மனத்துக்கே இயலும். நமது கேள்வி அவரை நோக்கியதன்று. அவரை அனுப்பும் அரசையும் வரவேற்கும் அரசையும் நோக்கியது.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். அமெரிக்க அரசு 1946இல் ஃபுல்பிரைட் திட்டத்தை ஆரம்பித்தது. 1961இல் சமாதானப் படையைத் தோற்றுவித்தது. அப்படையின் தொண்டர்கள் 1962இல் இலங்கைக்கு வந்து, 1964இல் போயினர். 1967இல் மீண்டும் வந்து, 1970இல் போயினர். மூன்றாம் முறை 1983இல் வந்து, 1998 வரை இருந்தனர். ஆங்கிலம் கற்பிக்கவென்று அவர்களைத் திரும்பவும் அழைப்பதற்கு 2018இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஃபுல்பிரைட் திட்டத்தின் ஆங்கிலத் துணையாசிரியர்களும் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டுக் காலத்துக்கென வந்து சென்றுள்ளனர். ஆட்சிகள் மாறின, உடன்படிக்கைகள் மாறின. ஆனால் கிராமத்துப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரின் நாற்காலி வெறுமையாய்க் கிடப்பது மட்டும் மாறவில்லை. நோய் தீராதிருக்க மருந்தை மட்டும் திரும்பத் திரும்ப வரவழைப்பவன், மருந்தின் மீதாவது நோயின் மீதாவது ஐயம் கொள்ள வேண்டாமா?

பிறநாட்டார் நமக்கு எதுவுமே கற்பிக்க முடியாது என்று சொல்லும் குறுகிய மனம் நமக்கில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனை நினைத்துப் பார்ப்போம். மானிப்பாயில் அவர் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், பின்னர் தாமே தமிழ் கற்று, தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூற்றியல், இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. இடையிலே சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்தாலும், 1873இல் அவர் இறுதியாகப் புறப்பட்டபோது அவருக்குப் பின்னே தமிழில் மருத்துவம் கற்ற மருத்துவர்களும் தமிழ் மருத்துவ நூல்களும் எஞ்சியிருந்தன. சமயம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்ததை நாம் மறக்கவில்லை. எனினும் அவர் நமது மொழிக்குள் இறங்கி வந்தார். இன்று வருபவர் நமது பிள்ளைகளைத் தமது மொழிக்குள் ஏறி வரச்சொல்லிக் கைநீட்டுகின்றார். பிள்ளை முதற்படியில் கால்வைக்குமுன் அவருடைய ஆண்டு முடிந்துவிடுகின்றது.

இத்திட்டங்களுக்கு அடியிலே ஒரு மூடநம்பிக்கை கிடக்கின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரே ஆங்கிலம் கற்பிக்க வல்லவர் என்பதே அது. தமிழைத் தாய்மொழியாகப் பேசுவோர் எல்லாரும் தமிழாசிரியர் ஆகிவிட முடியுமா? வேற்றுமை உருபை விளக்கச் சொன்னால் எத்தனை பேர் வாய் திறப்பர்? பேசத் தெரிவது வேறு. கற்பிக்கத் தெரிவது வேறு. பிள்ளை எங்கே தடுக்கி விழுகின்றது, ஏன் விழுகின்றது என்பதை அறிந்தவர், அதே பாதையில் தாமும் தடுக்கி விழுந்து எழுந்த உள்ளூர் ஆசிரியரே.

புறக்கோட்டைக்கு வந்து பாருங்கள். பிரதான வீதியின் புடைவைக் கடையிலே தமிழ் வணிகர் சிங்களத்தில் விலை பேசுகின்றார். குறுக்குத் தெருவில் மூடை சுமக்கும் நாட்டாமித் தொழிலாளி இரு மொழிகளிலும் வழி கேட்கின்றார், வசையும் பேசுகின்றார். செட்டியார் தெருவில் நகை வாங்க வரும் சிங்களத் தாயும் நாலு வார்த்தை தமிழ் பேசுகின்றார். இவர்களுக்கு எந்த நாட்டுத் துணையாசிரியர் வந்து மொழி கற்பித்தார்? நாள்தோறும் புழங்கும் தேவையும், பிழை விட்டால் ஏளனம் செய்யாத சூழலுமே அவர்களுக்கு ஆசான். பாடசாலையில் ஆங்கிலத்துக்கு இவ்விரண்டும் இல்லை. அவற்றை உண்டாக்க ஆண்டாண்டாக அங்கேயே நிற்கும் ஆசிரியர் வேண்டும். ஓராண்டு விருந்தினரால் அது ஆகாது.

இனி, மற்றோர் உதவி ஆசிரியரைப் பார்ப்போம். 2010களின் நடுப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரம் வரையிலான இளைஞர்களும் யுவதிகளும் ‘உதவி ஆசிரியர்’ என்ற பெயரில் நியமிக்கப்பட்டனர். தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, உயர்தரம் சித்தியெய்தி, தம் மக்களுக்கே கற்பிக்க முன்வந்தவர்கள். அவர்களுக்கு அரசு வழங்கியது மாதம் 6000 ரூபா உதவிப்பணம். பின்னர் அது 10000 ரூபா ஆயிற்று. பயிற்சியை முடித்தும் ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்படுவதற்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்தும் வீதியில் நின்றும் போராட நேர்ந்தது.

ஒரே பெயர்; இரண்டு விதி! ஓராண்டு நின்று போகும் உதவியாளருக்குப் பொன்னாடை. ஆயுள் முழுவதும் நிற்க வந்த உதவி ஆசிரியருக்கு அரைவயிற்றுப் படி. எவரிலே நாடு பணத்தை முதலிட வேண்டும் என்பதைச் சொல்லப் பொருளாதார நிபுணர் வேண்டுமா?

ஆள்வோர் இதை அறியாதவரல்லர். அவர்கள் பிள்ளைகளுக்கு இப்பிரச்சினை இல்லை, அதுவே காரணம். 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தனியார் பாடசாலைகளுக்குத் தடை விதித்தது. 1977க்குப் பின்னர் வந்த திறந்த பொருளாதாரமோ, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்துகொண்ட சர்வதேசப் பாடசாலைகளைப் பெருக்கிற்று. வசதியுள்ளவன் ஆங்கிலத்தை அங்கே வாங்குகின்றான். நடுத்தர வர்க்கத்தவன் வெள்ளவத்தையில் டியூட்டரி டியூட்டரியாக அலைகின்றான். கொட்டாஞ்சேனையின் தோட்டக் குடியிருப்புகளிலும் மலைநாட்டு லயன்களிலும் வாழும் பிள்ளைக்கு எஞ்சுவது, யாரோ வருவார் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று பெயரிட்டனர்; வாள் என்பது அதன் பொருள். அந்த வாள் தமிழ்ப் பிள்ளையையும் சிங்களப் பிள்ளையையும் வேறுபாடின்றியே வெட்டுகின்றது.

“ஒன்றுமில்லாததற்கு இதுவாவது நல்லதன்றோ? பிள்ளைகளின் கூச்சம் நீங்குமே” என்பர் சிலர். நீங்கும், மறுக்கவில்லை. வெள்ளைக்காரரோடு சிரித்துப் பேசிய பிள்ளை சிறிது துணிவு பெறும். ஆனால் அத்துணிவுக்கு அடுத்த தவணையில் நீர் வார்ப்பவர் யார்? ‘இதுவாவது’ என்பது பசித்தவன் வாயில் வரும் சொல். அதையே அரசு தன் கொள்கையாக்கிக்கொள்ள நாம் இடமளிக்கலாகாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. பயிற்றப்பட்ட நிரந்தர ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு முதலில் அவர் அனுப்பப்பட வேண்டும். பிறநாட்டுத் துணையாளர் அவருக்குப் பக்கத்தில் நிற்கலாம், அவருக்குப் பதிலாக அன்று. வருபவர் தமிழையோ சிங்களத்தையோ கற்றே வகுப்பில் நுழைய வேண்டும். மாணவர்களோடு மட்டுமன்றி ஆசிரியர்களோடும் உழைத்து, பாட உபகரணங்களை விட்டுச்செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்திலும் குக்கிராமத்திலும் கற்பிக்க முன்வரும் நமது இளைஞருக்கு முழுப் பயிற்சியும் முழுச் சம்பளமும் கிடைக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இக்கோரிக்கைகளை நமது சங்கங்களின் தீர்மானங்களாக்குவோம். தமிழாசிரியரும் சிங்கள ஆசிரியரும் ஒரே மேடையில் நின்று எழுப்புவோம். விருந்தினர் வரட்டும், மகிழ்வோடு வரவேற்போம். ஆனால் நமது பிள்ளைகளின் எதிர்காலத்தை விமானச் சீட்டின் திகதி தீர்மானிக்கும் நிலை இனியும் நீடிக்கலாகாது.