மூத்த ஆட்டக்காரரின் வாக்கு

சிற்றிதழ் நடத்தியவர்கள் அறிவார்கள்: முதல் இதழிலிருந்து தொடர்ந்து வாசித்துவரும் ஒருவர் எழுதும் கடிதத்தைப்போல் பயன் தருவதும் இல்லை, கலங்கடிப்பதும் இல்லை. இதழ் எங்கே சறுக்கியது என்பதை ஆசிரியருக்கு முன்பே அவர் கண்டுகொண்டிருப்பார். அதே சமயம், அவர் சொற்படியே நடந்தால் இதழ் பத்தாண்டுகளுக்கு முன்பு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். இணையவழி விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் இதே சிக்கலை நம்மைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் எதிர்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஆண்ட்ரூ கவர் தன் சகோதரருடன் சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆட்டம் ரூன்ஸ்கேப். கேம்பிரிட்ஜிலுள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தின் கைவண்ணம். மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், சமையல், கொல்லுவேலை எனப் பல திறன்களை அதில் ஒருவர் சிறிது சிறிதாக வளர்த்துக்கொள்கிறார். 2012 நவம்பரில் நிறுவனம் ஆட்டத்தின் சண்டைமுறையை அடியோடு மாற்றியது. பழையவர்கள் கொதித்தார்கள், கணிசமானோர் வெளியேறினார்கள். அடுத்த பிப்ரவரியில் நிறுவனம், தன்னிடம் 2007 ஆகஸ்டில் சேமித்துவைத்த பழைய வடிவம் ஒன்று இருப்பதாகவும், வேண்டுமென்றால் அதைத் திறந்துவிடுவதாகவும் அறிவித்து வாக்கெடுப்பு நடத்தியது. நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்தன. அப்படிப் பிறந்ததுதான் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். பின்னாளில் அது தன் தாய் ஆட்டத்தையே ஆட்டக்காரர் எண்ணிக்கையில் விஞ்சிவிட்டது.

சூடு கண்ட நிறுவனம் ஒரு வாக்குறுதி தந்தது. புதிதாக எது சேர்க்கப்பட்டாலும் ஆட்டக்காரர்களின் வாக்குக்கு விடப்படும். 75 விழுக்காட்டினர் இசைந்தால் மட்டுமே அது உள்ளே வரும். வாக்களிக்கச் சந்தா கட்டியிருக்க வேண்டும், ஓரளவேனும் ஆடித் தேர்ந்திருக்க வேண்டும். அதாவது, நால்வரில் ஒருவருக்குச் சற்றே கூடுதலானோர் மறுத்தால் போதும், எதையும் தடுத்துவிடலாம். உலகின் பெரும்பாலான அரசியல் சட்டங்களைத் திருத்துவதுகூட இதைவிட எளிது.

இந்த ஏற்பாடு பல நன்மைகளைச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. அவசரப் புதுமைகள் வாசலிலேயே நின்றுபோயின. ஆட்டக்காரர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் அரிதான ஒரு நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் காவல் காப்பதற்குப் பொருந்திய முறை, படைப்பதற்கும் பொருந்துமா என்பதே என் கேள்வி.

கடற்பயணம் என்றொரு புதிய திறனை 2015இல் முன்மொழிந்தார்கள். மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தும் 75ஐ எட்டாமல் அது தோற்றது. 2019இல் வார்டிங் என்ற வேறொரு திறனுக்கும் அதே கதி. மறுத்தவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. 2012ஐ நேரில் கண்டவர்கள் அவர்கள். தவிர, கடற்பயணம் ஆட்டத்துக்குள் ஒட்டாமல் தனித்த ஒரு குட்டி ஆட்டமாகவே கிடக்கும் என்ற அவர்களது ஐயத்தில் பொருள் இருந்தது.

இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஒரு திறனின் உச்சநிலை 99. அதை எட்ட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். 92ஆம் நிலையைத் தொடும்போது பாதித் தொலைவுதான் கடந்திருக்கும். எஞ்சிய ஏழு படிகளுக்கு, அதுவரை உழைத்தது முழுவதையும் இன்னொரு முறை உழைக்க வேண்டும். இப்படி 23 திறன்களிலும் 99ஐத் தொட்டு, மொத்தம் 2277 என்ற எண்ணைத் தன் பெயருக்கு எதிரே கண்டவர், 24ஆவது திறன் வந்த மறுநாள் முழுமையடையாதவர் ஆகிவிடுகிறார். அவரிடம் போய் 24ஆவது திறன் வேண்டுமா என்று கேட்டால், பதில் சொல்வது யார்? ஆட்டத்தை அறிந்தவரா, ஆட்டத்தில் சொத்து சேர்த்தவரா? இரண்டும் ஒரே மனிதர் என்பதால் அவராலேயே பிரித்தறிய முடியாது. ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள் கொண்ட வாக்குச் சீட்டாலும் முடியாது. காரணம் கேட்டால் மட்டுமே அது கொஞ்சமாவது வெளிப்படும்.

காரணம் கேட்பதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மட் என்ற எழுத்துவழி ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் ரிச்சர்ட் பார்ட்டில். 1989, 90 காலத்தில், அவ்வகை ஆட்டத்தில் பழுத்த சிலர், மனிதர்கள் இதில் எதைத் தேடி வருகிறார்கள் என்று மாதக்கணக்கில் விவாதித்தார்கள். ஒவ்வொருவரும் தன் இன்பத்தையே ஆட்டத்தின் சாரம் என்று வாதிட்டார்கள். பார்ட்டில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை; அந்த முரண்பாட்டையே தரவாக எடுத்துக்கொண்டார். சாதிப்பவர், தேடித் திரிபவர், கூடிப் பழகுபவர், பிறரை வீழ்த்துபவர் என்ற நால்வகைப் பகுப்பை 1996இல் அவர் எழுதியது அந்த விவாதத்திலிருந்துதான். அந்தப் பகுப்பைவிட, அதை அடைந்த முறையே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் தன் ஈவ் ஆன்லைன் ஆட்டத்துக்காக 2008இல் தொடங்கிய மன்றமும் இவ்வழியில் வருவதே. ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை ரெய்க்யாவிக்குக்கு வரவழைத்து, உருவாக்குபவர்களோடு ஒரே மேசையில் அமர்த்தினார்கள். 2011 கோடையில், வெறும் அலங்காரப் பொருளுக்கு வைத்த கொள்ளை விலையால் ஆட்டக்காரர்கள் கலகம் செய்தபோது, மன்றத்தை அவசரமாக அழைத்துப் பேசவேண்டி வந்தது. அந்த அக்டோபரில் நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். மேசைக்கும் ஆபத்து உண்டு, மறைப்பானேன். உள்ளே அமர்ந்தவர் வரவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே அறிகிறார். வெளியே அவருக்கென்று கூட்டணிகளும் பகைகளும் இருக்கின்றன.

ஜாகெக்ஸ் இறுதியில் இரண்டு வழிகளையும் கலந்தது. 2022இல் வரம்பை 70 விழுக்காடாகக் குறைத்தது. அது சிறு மாற்றம். கேட்கும் நேரத்தை மாற்றியதே பெரியது. 2023இல், சமைத்து முடித்த பண்டத்தைப் பரிமாறி வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, புதிய திறன் ஒன்று வேண்டுமா என்றே முதலில் கேட்டார்கள். அப்புறம் விலங்குகளைப் பழக்குதல், ஷாமனியம், கடற்பயணம் என மூன்று வரைவுகளை முன்வைத்தார்கள். கடற்பயணம் தேர்வானது. வாக்கெடுப்பில் 70ஐச் சற்றே தாண்டித் தேறியது. 2025 தொடக்கத்தில் அரைகுறை வடிவத்தையே ஆடிப் பார்க்கக் கொடுத்துக் குறைகளைக் கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் கப்பல்கள் கடலில் இறங்கின. 2277, 2376 ஆனது.

கவனிக்க வேண்டியது, பழைய வரம்பின்படி இந்த முறையும் அது தோற்றிருக்கும் என்பதே. மூத்தவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களது எதிர்ப்பு இம்முறை கப்பலின் வடிவத்துக்குள் போய்ச் சேர்ந்தது; முன்பு அது துறைமுகத்தை மூடுவதோடு நின்றிருந்தது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. வாக்குச் சாவடியிலும் மன்ற மேசையிலும் இருப்பவர்கள் தங்கிவிட்டவர்கள். முதல் மணி நேரத்திலேயே சலித்து வெளியேறியவருக்கு எங்கும் வாக்கில்லை; அவர் ஏன் போனார் என்பதை மூத்தவராலும் சொல்ல முடியாது. ரூன்ஸ்கேப்பில் புதியவர் முதன்முதலில் கண்விழிப்பது ஒரு பயிற்சித் தீவில். மரம் வெட்டவும் தீ மூட்டவும் இறாலைச் சுடவும் அங்கேதான் கற்றுத்தருகிறார்கள். தீவை விட்டு ஒருமுறை கிளம்பிய ஆட்டக்காரர், எத்தனை 99கள் சேர்த்திருந்தாலும், அதே கணக்கில் அங்கே திரும்பிப் போக முடியாது.